ஹார்ட் டிஸ்க்ல தூங்குற படமெல்லாம் எப்ப புக்காகும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நல்ல போட்டோகிராஃபருக்கு பஞ்சமே இல்ல. ஊர்ப்பாசத்துல சொல்றேன்னு நெனைக்காதீங்க, டிடிபி, கல்யாணப் பத்திரிக்கை, ஃபிளெக்ஸ் டிசைன்னு இந்த வேலையிலயே கெடக்கற ஆளு நானு. கடைக்கு வர்ற பசங்க குடுக்கற பென் டிரைவ தெறந்தா கல்யாண ஃபோல்டருக்கு பக்கத்துலயே 'பர்சனல்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள போனா தான் இவன் யாருன்னே தெரியும். பாரதக் கூத்த பதினெட்டு நாளும் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து எடுத்தது, கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழா, ஒகேனக்கல்ல பரிசல் கட்டறவங்க மூங்கில் பொளக்கறதுலருந்து வரிசையா, மாங்கா சீசன்ல பெங்களூரா ரக மாங்கா லோடு ஏத்துன டிராக்டருங்க கூழ் ஃபேக்டரி வாசல்ல க்யூ கட்டி நிக்கறது, வயக்காட்டு வரப்புல சாஞ்சி கெடக்கற நடுகல்லு மேல ஆடு படுத்திருக்கறது. ஒவ்வொண்ணும் அப்டி இருக்கும்.

இதெல்லாம் எங்க போய் சேருது, ஹார்ட் டிஸ்க்ல தான். நாலு படம் இன்ஸ்டால போடுவான், ரீல்ஸ் இல்லாததால அது எவன் கண்ணுலயும் படாது, சொந்தக்காரன் ரெண்டு பேரு ஃபயர் எமோஜி போடுவான், முடிஞ்சிது. மூணு வருஷம் கழிச்சி அந்த டிஸ்க்கு டிக் டிக்னு சத்தம் போட ஆரம்பிக்கும்.

அதனால தான் கொஞ்ச வருஷமா நாங்க சிலர் சேந்து சின்னச் சின்னதா போட்டோ புக் போட்டுகிட்டு இருக்கோம். பப்ளிஷர்னு யாரும் கெடையாது, போட்டோகிராஃபர் காசு, என்னோட லேஅவுட்டு, ஊர்ல இல்லனா சேலத்துல பிரஸ்ஸு, அவ்ளோ தான். இத பத்தி நெறைய பேரு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்லயே சொல்லி தொண்ட வத்துது, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு.

மொதல்ல ஒண்ணு. வர்றவங்கள்ல பாதிப்பேரு கனவுல இருக்கறது காபி டேபிள் புக். பன்னெண்டு இஞ்ச், ஹார்ட் பைண்டிங், கெட்டி அட்டை, 200 பக்கம், வழுவழு பேப்பர், மேல ஒரு பொட்டி. அதுக்கு காரணமும் புரியுது, நம்மாளுங்க கையில தெனமும் பொழங்கறது கரிஷ்மாங்கற கல்யாண ஆல்பம், வெயிட்டா இருந்தா தான் மரியாதைன்னு மனசுல பதிஞ்சிடுச்சி. ஆனா ஆல்பமும் புக்கும் ஒரே ஜாதி கெடையாது. ஆல்பம்ங்கறது லேப்ல போட்டோ பேப்பர்ல பிரிண்ட் போட்டு கெட்டியா ஒட்டிக் குடுக்கற சமாச்சாரம், ஒரே காப்பி, ஒரே குடும்பம், அதுல மாப்ளயோட சின்ன மாமா படம் விட்டுப்போச்சினா சண்டை வரும். புக்குல சின்ன மாமா கெடையாது. உங்கள யாருன்னே தெரியாத ஒருத்தன் கையில எடுத்து பொரட்டறான், நாலாவது பக்கத்துல அவனுக்கு சலிச்சிடுச்சினா கீழ வெச்சிட்டு போயிடுவான். அந்த ஆளுக்காக பண்றது தான் புக்.

என் கணக்கு என்னன்னா, நம்ம ஊருக்கு 48 பக்கம் இல்ல 64 பக்கம், பேப்பர் அட்டை, 200 காப்பி, முன்னூறு ரூபாய்க்குள்ள வெல. இத சொன்னா நெறைய பேருக்கு மூஞ்சி சுருங்கிடுது, இவ்ளோ நாள் ஒழச்சது நோட்டுப் புக்கு சைஸ்ல வரணுமான்னு. வரட்டுமே. மூவாயிரம் ரூபா புக்க எடுத்துப் பாக்கறதுக்கே நம்ம சனம் கைய தொடச்சிகிட்டு தயங்கும், வாங்கறது எங்க.

இதுல சின்னதா, சொந்தமா பண்றதுக்கு பெரிய பரம்பரையே இருக்கு. போட்டோவ வெச்சி மொத மொதல்ல புக் பண்ணதா சொல்றது அன்னா அட்கின்ஸ்னு இங்கிலாந்து பொம்பள ஒருத்தங்கள. 1843ல ஆரம்பிச்சி பத்து வருஷம் பாகம் பாகமா போட்டாங்க, முழுக்க கடல்பாசி படம், சயனோடைப்னு நீல நெறத்துல வர்ற மொற. எழுத்து கூட அச்சு கோத்தது இல்ல, கையில எழுதி அதையும் அதே நீலத்துல எடுத்தாங்க. விக்கறதுக்கு இல்ல, தெரிஞ்சவங்களுக்கு குடுக்கறதுக்கு. அப்பறம் அமெரிக்காவுல எட் ருஷேன்னு ஒருத்தர், 1963ல லாஸ் ஏஞ்சல்ஸ்லருந்து ஓக்லஹோமா போற ரூட்ல இருக்கற பெட்ரோல் பங்கா எடுத்து, மொத்தம் 26 பங்க், அத புக்கா போட்டாரு, மொத பதிப்பு 400 காப்பி, சொந்தக் காசு, சல்லிசான வெல. அந்த நாட்டோட பெரிய லைப்ரரி, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், இது எங்களுக்கு வேணாம்னு காப்பிய திருப்பி அனுப்பிடுச்சி, மனுஷன் அதையே பெருமையா விளம்பரம் குடுத்தாரு. இன்னிக்கி அந்த மொத பதிப்பு கெடைக்கணும்னா வீட்ட விக்கணும். ஓசூர்லருந்து தொப்பூர் எறக்கம் வரைக்கும் நம்ம 44ம் நம்பர் ரோட்ல அத விட ஜாஸ்தி பங்க் இருக்கு, எவனாச்சும் எடுத்துகிட்டு வாங்கப்பா, லேஅவுட் நான் ஃப்ரீயா பண்ணித் தரேன்.

சரி, வேலைக்கு வருவோம். இதுல கஷ்டமான பாகம் பிரிண்டிங்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இல்ல, படத்த கழிக்கறது தான். டிஸ்க்ல மூவாயிரம் படம் இருக்கும், புக்குல போறது ஐம்பது. கம்ப்யூட்டர்ல உக்காந்து ஸ்டார் குடுத்து தேர்ந்தெடுக்கறது ஆவாத வேல, ஸ்கிரீன்ல எல்லாமே நல்லா தான் இருக்கும், வெளிச்சம் பின்னாடிலருந்து வருதுல்ல. ஒரு எரநூறு படத்த நாலுக்கு ஆறுல மலிவா பிரிண்ட் போட்டு, கட ஷட்டர பாதி எறக்கிட்டு தரையில பரப்பிட சொல்லுவேன். நின்னுகிட்டு பாக்கணும். அப்ப தான் தெரியும், இந்தப் படமும் அந்தப் படமும் ஒரே வேலைய தான் பண்ணுதுன்னு. ரெண்டுல ஒண்ணு வெளிய. போட்டோகிராஃபருக்கு நெஞ்சு அடைக்கும், 'இதுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கி மரத்து மேல ஏறுனேன்பா'ம்பாரு. மரம் ஏறுனது படத்துல தெரியலைனா பாக்கறவனுக்கு அது எதுக்கு.

கூத்து புக்குக்கு படம் பரப்புன அன்னிக்கி நடந்தத சொல்லணும். பாலக்கோடு பக்கத்து அண்ணன் ஒருத்தர் வருஷக்கணக்கா எடுத்த படங்க அது. தலைப்பெல்லாம் சரியா எழுதணுமேன்னு கூத்து வாத்தியார் ஒருத்தர கூப்புட்டுருந்தோம், அறுபத தாண்டுன மனுஷன், துண்ட ஒதறி தோள்ல போட்டுகிட்டு தரைய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. நாங்க ஏதோ கலர் கலரா சேரறத பாத்து அடுக்கி வெச்சிருந்தோம், செவப்பு பக்கத்துல செவப்பு, புகை பக்கத்துல புகை. அவரு குனிஞ்சி ஒண்ணொண்ணா மாத்த ஆரம்பிச்சிட்டாரு. "என்னா தம்பி இது, கர்ண மோட்சம் முடிஞ்சி அர்ச்சுனன் தபசு வருது, இப்டி ஆடுனா ஊர்ல எவன் உக்காந்து பாப்பான்?" அண்ணன் சொல்றாரு, "வாத்தியாரே இது கத சொல்ற புக்கு இல்ல, போட்டோ புக்கு". "பொறவு எதுக்கு இத்தன படம், ஒண்ணே ஒண்ண ஃபிரேம் போட்டு மாட்டிக்க வேண்டியது தான?"

எனக்கு சிரிப்பு தாங்கல, ஆனா அந்தாளு சொன்னதுல நாயம் இருக்கு. ஒண்ணுக்கு மேல படம் வந்துட்டாலே அதுக்கு முன்ன பின்னன்னு ஒண்ணு வந்துடும். பதினெட்டு நாள் கதைய அப்டியே போட்டா அது பாரதத்துக்கு படம் போட்ட மாதிரி ஆயிடும், அண்ணனோட கண்ணு அதுல இருக்காது. பேசிப் பேசி கடைசியா புக்கு ஒரு ராத்திரியா ஓடட்டும்னு முடிவாச்சி, வேற வேற வருஷம் வேற வேற ஊர்ல எடுத்தது தான், ஆனா சாயங்காலம் அரிதாரம் பூசறதுல ஆரம்பிச்சி, கட்டியங்காரன் வந்து, ஆட்டம் ஏறி, விடிகால தூக்கக் கலக்கத்துல சனங்க, காலையில படுகளத்துல மண்ணுல செஞ்ச துரியோதனன் படுத்திருக்கறது வரைக்கும். தபசு மரம் ஏறுற படத்துல அர்ச்சுனனே இல்லாத ஒண்ண எடுத்தோம், கீழ நிக்கற அத்தன சனமும் கழுத்த ஒடிச்சி மேல பாக்குது, ஒரு பாட்டி மட்டும் பொட்டலத்த பிரிச்சி பொரி தின்னுது. அந்தப் பக்கம் வர்றப்ப எல்லாரும் நிப்பாங்க, இன்னிக்கி வரைக்கும் பாத்துருக்கேன்.

வரிசை முடிஞ்சா சைஸ். தயவு செஞ்சி இன்ஸ்டா மாதிரி சதுரமா வேணும்னு மட்டும் ஒத்தக்கால்ல நிக்காதீங்க. பிரஸ்ல பேப்பர் டபுள் கிரவுன்னா 20க்கு 30 இஞ்ச் ஷீட்டு. ஏழரைக்கு பத்துன்னு கிரவுன் கால் சைஸ் போட்டா ஒரு ஷீட்ல எட்டு தாளு, பதினாறு பக்கம், ஓர வெட்ட தவிர வேஸ்ட் இல்ல. ஏழரைக்கு ஏழரை சதுரம் போட்டாலும் அதே எட்டு தாளு தான் வரும், மிச்சம் கால்வாசி பேப்பர் கட்டிங்ல விழுந்து பழைய பேப்பர்காரனுக்கு போகும், காசு நீங்க முழு ஷீட்டுக்கு குடுத்திருப்பீங்க. பதினாறு பக்கம் ஒரு பாரம், அதனால பக்கக் கணக்கும் 48, 64, 80ன்னு போறது நல்லது. 70 பக்கம்னு வந்து நிக்காதீங்க, அந்த ஆறு பக்கத்துக்கு தனியா பிளேட்டு, அதாவது அச்சுத் தகடு, மிஷின்ல தனியா ஓட்டம்.

பிளேட்டு கணக்கும் சொல்லிடறேன், தகடு போட்டு அடிக்கற ஆஃப்செட்ல காசு அங்க தான் போகுது. கலர்னா நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு பிளேட்டு, பாரத்துக்கு ரெண்டு பக்கமும்னா எட்டு. 64 பக்கத்துக்கு நாலு பாரம், முப்பத்திரெண்டு பிளேட்டு, அட்டைக்கு தனி. இது 100 காப்பி அடிச்சாலும் அதே செலவு, ஆயிரம் அடிச்சாலும் அதே செலவு. அதனால தான் பிரஸ்காரங்க "ஆயிரமா போட்டுக்கங்க, காப்பிக்கு சல்லிசா விழும்"பாங்க. விழும் தான். எழுநூறு காப்பி கட்டிலுக்கு அடியில விழும். ஐம்பது நூறு காப்பின்னா டிஜிட்டல்ல அடிங்க, பிளேட்டே கெடையாது. ஆனா அதுல ஷீட்டு சைஸ் 13க்கு 19 தான் பெரும்பாலும், ஏ4 படுக்க வெச்ச மாதிரி புக்க நடுவுல பின் அடிக்கணும்னா விரிச்சா 23 இஞ்சுக்கு மேல வரும், அடங்காது, தனித்தனி தாளா அடிச்சி கம் பைண்டிங் தான் பண்ணணும். அது தவிர நல்ல கறுப்பா இருக்கற பக்கத்துல மடிப்பு விழுந்தா டோனர்ங்கற மைப்பொடி வெடிச்சி வெள்ளக் கோடு வரும்.

பைண்டிங்னதும் இன்னொண்ணு. கம் பைண்டிங்ல புக்கு முழுசா விரியாது, நடுவுல அர இஞ்ச் முழுங்கிடும். ரெண்டு பக்கமும் சேத்து பெரிய படம் வெக்கறவங்க மூஞ்சிய நடுவுல வெச்சிடாதீங்க. அந்த மாதிரி படம் நெறைய இருந்தா நூல் தையல் போடுங்க, செலவு கொஞ்சம் ஏறும், ஏறட்டும். பேப்பரோட நரம்பு, அதாவது நார் ஓடற தெச, முதுகுக்கு நேரா ஓடுதான்னும் கேட்டுக்கங்க, குறுக்க ஓடுச்சினா புக்கு அப்பளமா வளையும்.

பேப்பர் பத்தி கேட்டா, பளபள ஆர்ட் பேப்பர் வேணாம், மேட் ஆர்ட்ல கனம் 130 ஜிஎஸ்எம்முக்கு கொறையாம, முடிஞ்சா 170. டியூப் லைட் கீழ பொரட்டிப் பாருங்க வித்தியாசம் தெரியும். மெல்லிசா போட்டா பின்பக்கத்து படம் இந்தப் பக்கம் தெரியும். கருப்பு வெள்ளையா இருந்தா பிரஸ்காரர் ஒத்த கருப்பு மையில அடிச்சிடலாம்பாரு, வெளுத்துப் போயி தந்திப் பேப்பர் படமாட்டம் வரும். நாலு கலர்லயும் அடிச்சா ஒரு பாரம் பச்சையா ஒரு பாரம் செவப்பா எட்டிப் பாக்கும். கருப்போட சாம்பல் நெறம் ஒண்ணு தனி பிளேட்டா சேத்து ரெண்டு மையில அடிக்கச் சொல்லுங்க, அப்ப தான் அந்த ஆழம் கெடைக்கும்.

இப்ப மிஷின் ரூமு. ஃபைல மெயில்ல அனுப்பிட்டு வீட்ல உக்காந்துகிட்டு பார்சல் வரட்டும்னு இருக்காதீங்க, அடிக்கற அன்னிக்கி நேர்ல போயி நில்லுங்க, இதுல மட்டும் என் பேச்ச கேளுங்க. ஆபரேட்டர் அண்ணனுங்க கைத்தெறமக்காரங்க, லென்ஸ வெச்சி ஒரு பார்வ பாத்தாலே மெஜந்தா மயிரிழை நகந்துருக்குன்னு கண்டுபுடிச்சிடுவாங்க. ஆனா வருஷம் பூரா அவங்க அடிக்கறது கல்யாணப் பத்திரிக்கையும் சாமி கேலண்டரும், அதுல மஞ்சளும் செவப்பும் தூக்கலா இருந்தா தான் மங்களகரம். கூத்துப் படம் மொத ஷீட்டு வந்ததும் ஆபரேட்டர் அண்ணன் என்ன பாத்து, "என்னா தம்பி இவ்ளோ இருட்டு, அப்பறம் எங்கள தான் திட்டுவாங்க, கொஞ்சம் தூக்கி உட்டுடட்டா?"

"வேணாண்ணா, ராத்திரி எடுத்தது, இருட்டா தான் இருக்கணும். ப்ரூஃப் பிரிண்ட பாத்து அடிங்கண்ணா."

"மூஞ்சிக்கு மட்டுமாச்சும் மஞ்ச ஏத்தறேன்."

"அது அரிதாரம்ணா, ஏற்கனவே மஞ்சளா தான் இருக்கு."

மனுஷனுக்கு மனசே இல்ல. ஆனா டீ சாப்பிட்டு வந்து ரெண்டு ஷீட்ட ஜன்னல் வெளிச்சத்துல வெச்சி பாத்துட்டு, "இருட்டுக்குள்ள அந்தாளு கை தெரியுது பாரு"ன்னு அவரே தண்ணி மையி ரெண்டையும் ஒரு நூல் கொறச்சி அந்தக் கைய இன்னும் தெளிவா கொண்டாந்தாரு. ப்ரூஃப்ல கூட அப்டி இல்ல. கூட நின்னா இது கெடைக்கும், போன்ல கெடைக்காது.

அதுக்கு முன்னாடி நீங்க பண்ண வேண்டியது, ஸ்கிரீன்ல தெரியற கலர் எல்லாம் மையில வராதுன்னு மனசுல ஏத்திக்கறது. கூத்துக்கு இப்ப பெட்ரோமாக்ஸ் எங்க இருக்கு, எல்லாம் எல்இடி ஃபோகஸ், ஊதாவும் நீலமுமா அடிக்கும், அந்த நீலம் நாலு மையில வரவே வராது, செத்த கலரா வரும். ஃபோட்டோஷாப்ல பிரஸ்காரங்க பேப்பருக்கு ஏத்த கலர் புரொஃபைல போட்டு, மையில எப்டி வரும்னு ஸ்கிரீன்லயே காட்டற சாஃப்ட் ப்ரூஃப் பாத்துட்டு, அழுதுட்டு, அப்பறம் சரி பண்ணுங்க. கறுப்பு எடத்துல நாலு மையும் மொத்தமா 300 பர்சன்ட தாண்டாம பாத்துக்கங்க, தாண்டுனா காயாது, அடுக்கி வெச்ச ஷீட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுத்த பக்கத்துல கறை எறங்கும். படம் அச்சு சைஸ்ல 300 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி, ஓரத்துல வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலா, இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். வாட்ஸ்அப்ல வந்த படத்த அனுப்பறவங்கள நான் ஒண்ணும் சொல்றதில்ல, பிளாக் பண்ணிடறேன்.

தமிழ்ல தலைப்பு போடறப்ப இன்டிசைன்ங்கற லேஅவுட் சாஃப்ட்வேர்ல வேர்ல்ட் ரெடி கம்போசர ஆன் பண்ணலைனா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சி நிக்கும். ஆன் பண்ணிட்டு யூனிகோட் எழுத்துருவுலயே அடிங்க, கடைசி பிடிஎஃப்ப ஒரு தடவ எழுத்தெண்ணி படிங்க. தலைப்பு நீளமா வேணாம். ஊரு, வருஷம், ஆளு யாருன்னு, அவ்ளோ போதும். படத்துக்கு கீழ கவித எழுதறத நான் பாத்தா அழிச்சிடுவேன், இதுல எனக்கும் எல்லா போட்டோகிராஃபருக்கும் சண்டை.

அனுமதி விஷயத்துக்கு வருவோம், இத யாரும் யோசிக்கறதே இல்ல. கல்யாணத்துல எடுத்த சூப்பர் படத்த எம்புக்குல போடலாம் தானன்னு கேக்கறாங்க. 1957ம் வருஷத்து காப்பிரைட் சட்டம் பதினேழாவது பிரிவுப்படி, ஒருத்தர் காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்துல, மொத உரிமை காசு குடுத்தவருக்கு தான். எடுத்தவன் நீங்களா இருந்தாலும். அதனால புக்கிங் ஃபார்ம்லயே ஒரு வரி சேத்துக்கங்க, இந்தப் படங்கள நான் என் புக்கு, கண்காட்சிக்கு பயன்படுத்திக்கறேன்னு, கையெழுத்து வாங்கிடுங்க. நீங்களா உங்க இஷ்டத்துக்கு போயி எடுத்தது உங்களோடது தான், ஆனா அதுல இருக்கற ஆளுக்கு ஒரு வார்த்த சொல்றது சட்டத்துக்காக இல்ல. சித்தேரி மலைக்கு போயி எடுத்த படத்த புக்காக்கறதுக்கு முன்னாடி டம்மி, மாதிரி புக்கு ஒண்ணு பிரிண்ட் போட்டு மேல எடுத்துட்டு போனாரு ஒரு தம்பி. அங்க ஒரு அக்கா தன் படத்த பாத்துட்டு, "இந்தப் பொடவையில வேணாந்தம்பி, நல்லதா கட்டிகிட்டு வர்றேன், இப்ப எடு"ன்னுச்சி. தம்பிக்கு பழைய படம் தான் உசுரு, வேலை செய்யற கையி, புழுதி எல்லாம் அதுல தான் இருக்கு. பேசிப் பாத்தான், அந்தக்கா ஒத்துக்கல. புதுப் பொடவப் படம் தான் புக்குல போச்சி. எனக்கும் அந்த மொதப் படம் போச்சேன்னு இருக்கு, இருந்தாலும் அது அவங்க மொகம், அவங்க இஷ்டம்.

ஐஎஸ்பிஎன்னு புக்குக்கு குடுக்கற அடையாள நம்பர் வேணும்னா ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி ஆன்லைன்ல குடுக்குது, ஃப்ரீ தான், எவனாச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க. 1954ம் வருஷத்து சட்டம் ஒண்ணு இருக்கு, புக்கு வெளியிட்ட 30 நாளுக்குள்ள கல்கத்தா நேஷனல் லைப்ரரிக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லின்னு மூணு லைப்ரரிக்கும் ஒவ்வொரு காப்பி நம்ம செலவுல அனுப்பணும். இத பாரமா நெனைக்காதீங்க. உங்க பாலக்கோட்டுக் கூத்து எழும்பூர் கன்னிமாராவுல ஒரு அலமாரியில உக்காந்துடும், உங்க ஹார்ட் டிஸ்க்க விட அது ரொம்ப நாள் தாங்கும்.

விக்கறது எப்டின்னு கேட்டா, சும்மா ஒரு கணக்கு போடுவோம். காப்பிக்கு அடக்கம் 150 ரூபான்னு வைங்க, 200 காப்பிக்கு 30,000. வெல 300 வெச்சீங்கன்னா நேரடியா நூறு காப்பி கைமாறுனா போட்ட காசு வந்துடும், மிச்ச நூறு உங்களோடது, அதுல படத்துல இருக்கறவங்களுக்கு சும்மா குடுக்கறது போக. கடையில வெச்சா நாப்பது பர்சன்ட் வரைக்கும் கழிவு கேப்பாங்க, கையில 180 தான் நிக்கும், அதுவும் எப்ப வரும்னு சொல்ல முடியாது. சேலத்துல ஒரு கடையில குடுத்த காப்பிக்கு இன்னிக்கி வரைக்கும் கணக்கு வரல, போன் பண்ணா 'அண்ணன் வெளிய போயிருக்காரு' தான். அதனால முன்வெளியீட்டுத் திட்டம் போடுங்க, அச்சுக்கு போறதுக்கு முன்னாடியே ஜிபேல காசு வாங்கி பேர எழுதிக்கங்க, எத்தன காப்பி அடிக்கறதுன்னும் அதுலயே தெரிஞ்சிடும். வாங்கறவங்கள்ல பாதிப்பேரு பெங்களூர்ல வேல பாக்கற நம்ம ஊரு பசங்க, வெள்ளிக்கிழம ராத்திரி பஸ்ல வர்றவனுங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் இப்ப புத்தகத் திருவிழா நடக்குது, தெரிஞ்ச பதிப்பகத்து ஸ்டால்ல ஒரு மூலையில வெக்க சொல்லி கேளுங்க. அங்க வந்து பொரட்டறவங்க மொதல்ல தேடறது என்ன தெரியுமா, கம்போசிஷனும் இல்ல கலரும் இல்ல, அவங்க ஊரு பேரு. "எங்கூரு இதுல வருதா?" வந்துச்சினா வாங்கிடுவாங்க. வரலைனா, "அடுத்த மொற எங்கூருக்கும் வாங்க, மாரியாயி பண்டிகைக்கி"ன்னு தேதிய சொல்லிட்டு போவாங்க. அடுத்த புக்குக்கு மேட்டரு அப்டியே கெடச்சிடும்.

டெல்லி போட்டோகிராஃபர் தயானிதா சிங் கேள்விப்பட்டிருப்பீங்க, 2022ல போட்டோவுக்கு குடுக்கற ஹாசல்பிளாட் அவார்டு வாங்குனவங்க, அவங்க ரொம்ப வருஷமா புக்கையே கண்காட்சியா வெக்கறாங்க, செவுத்துல மாட்டற படத்துக்கு புக்கு கேட்லாக் இல்ல, புக்கு தான் சரக்கேன்னு. நமக்கு கேலரியே இல்லாத ஊரு, நமக்கு இத விட தோதான வழி என்ன இருக்கு சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில கயித்துல ஒரு காப்பி கட்டித் தொங்க விட்டோம், எண்ணெக்கறை ஏறி அட்ட கிழிஞ்சி போச்சி, இப்ப ரெண்டாவது காப்பி தொங்குது.

கடைசியா டைமிங். போட்டோகிராஃபருங்களுக்கு ஆடி மாசம் முகூர்த்தம் கெடையாது, சும்மா தான் இருப்பீங்க, படம் கழிக்கற வேலைய அப்ப முடிச்சிடணும். ஆனா ஆடி 18 தாண்டுனா பிரஸ்ஸுங்க பக்கம் கேலண்டர் ஆர்டர் சூடு புடிக்க ஆரம்பிச்சிடும், அப்பறம் தீபாவளி, டைரி, புது வருஷம், நம்ம 200 காப்பிய எவனும் மிஷின்ல ஏத்த மாட்டான். தேர்தல் வருஷம்னா கேக்கவே வேணாம். அதனால ஆனியிலயே சொல்லிடுங்க. பிரிண்ட் போட்ட படமா கொண்டாங்க, பென் டிரைவ் வேணாம். ஞாயித்துக்கிழம மட்டும் வந்துடாதீங்க, போச்சம்பள்ளி சந்தைக்கி போயிடுவேன்.